டிரைவ் ஷாஃப்ட் ஓரம் கியர் ஆயில் கசிகிறதா? சீலை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

முன்சக்கரம் இழுக்கும் சிறிய கார்களில், அதாவது ஆல்ட்டோ, வேகன்-ஆர், ஸ்விஃப்ட், ஐ10 வகையறாவில், வண்டிக்கு வயதாகும்போது கியர்பாக்ஸ் பக்கவாட்டில் ஈரம் தட்டுவது சகஜம். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் வாயில், ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் இடமும் வலமும் ஒவ்வொன்று இருக்கும். சீலின் விலை சில நூறு ரூபாய்தான். சக்கரத்தைக் கழற்றி மாட்டப் பழகியவர், நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் கையில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

ஆனால் புது சீல் போட்டும் சில மாதங்களில் மறுபடி ஒழுகும் கார்கள் ஏராளம். சீல் எதனால் போனது என்று பார்க்காமல் சீலை மட்டும் மாற்றியதுதான் பெரும்பாலும் காரணம். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். இதில் சொல்வது எல்லாம் மேனுவல் கியர்பாக்ஸுக்கு. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி கார்களிலும் உள்ளே இருப்பது மேனுவல் பெட்டிதான் என்பதால் சீல் வேலை அதே மாதிரிதான். சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ஆயிலின் வெப்பத்தை அளந்து மட்டம் பார்க்க வேண்டும். அவற்றை வீட்டில் தொட வேண்டாம்.

முதலில் கசிவது கியர் ஆயில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கியர் ஆயிலில் கந்தகச் சேர்மம் இருப்பதால் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும். எஞ்சின் ஆயில் கறுத்திருக்கும், அந்த நெடி இருக்காது. பிரேக் ஆயில் மெல்லியது, தண்ணீர் விட்டால் கரைந்து போய்விடும். கறுப்பு கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கத்திலும் அதைச் சுற்றியுள்ள பாகங்களிலும் வட்டமாகச் சிதறியிருந்தால் அது டிரைவ் ஷாஃப்ட் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்த கதை. அதற்கு வேறு வைத்தியம்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் அடியில் சொட்டு தொங்கினால் நிதானியுங்கள். அது எஞ்சினின் பின் சீலாக இருக்கலாம், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலாகவும் இருக்கலாம். இரண்டுக்குமே கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இன்புட் சீல் என்றால் கிளட்ச் பிளேட் நனைந்து வழுக்கத் தொடங்கும் அபாயமும் உண்டு. அதை ஒர்க்‌ஷாப்பில் விடுவதுதான் சரி.

ஆயில் மேலிருந்து கீழாக வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டு விழும் இடம் ஒன்று, கசியும் இடம் இன்னொன்று. டிரைவ் ஷாஃப்ட் சீல் என்று நினைத்தது மேலே உள்ள ஸ்பீடோமீட்டர் சென்சாரின் ஓ-ரிங்காக இருக்கும். அல்லது கியர் மாற்றும் கம்பி உள்ளே போகும் இடத்துச் சிறு சீலாக இருக்கும். ஆயிலை இறக்கும் துளையின் மூடியான டிரெயின் பிளக்கின் தேய்ந்த வாஷர்கூட இதே கறையைத் தரும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கியர்பாக்ஸைச் சுற்றி மண்ணெண்ணெயோ டீசலோ பிரஷால் தேய்த்துக் கழுவி, பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்து முழுதாக உலர விடுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை அந்தப் பகுதி முழுதும் தூவி, இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். இந்தச் சோதனை செய்யாமல் சீல் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

ஈரத்தில் தூசி ஒட்டி ஒரு படலமாக மட்டும் இருந்தால் அவசரமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டம் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். சொட்டத் தொடங்கினால் கணக்கு மாறும். தோராயமாக இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஒரு நாளைக்கு இருபது சொட்டு போனால் வருடத்துக்கு 365 மி.லி. சிறிய காரின் கியர்பாக்ஸ் மொத்தமே இரண்டு லிட்டரை ஒட்டித்தான் கொள்ளும், அதில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது. எஞ்சின் ஆயிலுக்கு எச்சரிக்கை விளக்கு உண்டு, டிப்ஸ்டிக் உண்டு. பெரும்பாலான மேனுவல் கியர்பாக்ஸில் இரண்டும் இல்லை. ஐந்தாவது கியர் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெட்டிகளில், ஆயில் குறைந்தால் முதலில் அடிபடுவது அதுதான். சத்தம் கேட்கும்போது காலம் கடந்திருக்கும்.

சீல்தான் என்று உறுதியானதும் அடுத்துப் பார்க்க வேண்டியது பிரீதர். கியர்பாக்ஸின் மேல்புறத்தில் சின்னத் தொப்பி மாதிரியோ ரப்பர் குழாய் முனையாகவோ இருக்கும். பெட்டி சூடாகும்போது உள்ளே விரியும் காற்று வெளியேற அதுதான் வழி. சேறும் தூசியும் அடைத்துக்கொண்டால் வழி மூடிவிடும். 30 டிகிரியில் அடைபட்ட காற்று 90 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஏறும், அதாவது 0.2 பார். இந்த வகை சீல் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதல்ல, தெறிக்கும் ஆயிலைத் தடுக்கச் செய்யப்பட்டது. அழுத்தம் ஏறினால் சீலின் உதடு, அதாவது ஷாஃப்ட்டைத் தொடும் ரப்பர் விளிம்பு, வழியே ஆயில் பிதுங்கும். புது சீலும் இதற்கு விதிவிலக்கல்ல. தொப்பி விரலால் சுழல்கிறதா, குழாயில் ஊதினால் காற்று போகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் சுத்தம் செய்துவிட்டு, கழுவித் துடைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு சீலைப் பற்றி யோசிக்கலாம். சில கார்களில் கசிவு இதோடு நின்றுவிடும்.

மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய கார் என்றால் இதே பிரீதர் இன்னொரு வேலையும் செய்திருக்கும். சூடான பெட்டி வெள்ளத்தில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, வெளியிலிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், முழு ஆயிலையும் மாற்ற வேண்டும்.

மட்டம் அதிகமாக இருப்பதும் கசிவுக்குக் காரணமாகும். "கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லதுதானே" என்று கடைசி ஆயில் மாற்றத்தில் யாராவது கணக்கில்லாமல் ஊற்றியிருந்தால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஆயில் ஊற்றும் துளையின் மூடியான ஃபில்லர் பிளக்கைத் திறந்ததுமே ஆயில் கொட்டும். வழிந்து நின்றதும் மூடிவிட்டு, கழுவி, சில நாள் கவனியுங்கள்.

சீலைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்கும் திரவங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவை ரப்பரைக் கொஞ்சம் ஊத வைக்கும். உதடு கெட்டியாகி வெடித்திருந்தாலோ ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருந்தாலோ ஊதிய ரப்பரால் பயனில்லை.

வாங்க வேண்டியவை: சீல், டிரைவ் ஷாஃப்ட்டின் உள்முனையைக் கழலாமல் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்கிளிப், ஷாஃப்ட்டின் வெளிமுனையைச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் இறுக்கும் புது ஹப் நட்டு, டிரெயின் பிளக் வாஷர், கியர் ஆயில். சீலை வண்டியின் மாடலும் தயாரித்த ஆண்டும் சொல்லி வாங்குங்கள். இடதும் வலதும் வேறு வேறு அளவாக இருக்கும் கார்கள் உண்டு. அளவு ஒன்றாக இருந்தாலும், உதட்டின் உள்ளே சாய்ந்த வரிகள் போட்ட சீல் என்றால் சுழலும் திசை முக்கியம். அதில் அம்புக்குறி இருக்கும். பக்கம் மாற்றிப் போட்டால் ஆயிலை உள்ளே தள்ள வேண்டிய வரிகள் வெளியே தள்ளும். சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் எல்லா சீலும் கிடைக்கும். இந்த ஒரு பொருளில் மட்டும் விலை பேசி மலிவானதை எடுக்காதீர்கள், நிறுவன பாக்கெட்டில் வரும் அசலையே எடுங்கள். ரப்பரின் தரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆயில் வண்டியின் கையேட்டில் சொன்னதுதான், பெரும்பாலும் கெட்டித்தன்மை 75டபிள்யூ-80 அல்லது 75டபிள்யூ-90, வகை ஜிஎல்-4. கடைக்காரர் "ஜிஎல்-5 இன்னும் நல்லது சார்" என்று கொடுத்தால் வாங்க வேண்டாம். அதில் உள்ள கூடுதல் கந்தக-பாஸ்பரஸ் சேர்மம் பின் ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்களுக்காக வந்தது. கியர்பாக்ஸில் உள்ள பித்தளை சிங்க்ரோனைசர் வளையங்களை அது அரிக்கக்கூடும்.

வேலையை எங்கே செய்வது என்பதும் முக்கியம். நம் வீட்டு போர்டிகோ பெரும்பாலும் தண்ணீர் வழிய வாசல் பக்கம் சாய்வாக இருக்கும். அந்தச் சரிவில் ஜாக்கி போடுவது ஆபத்து, ஆயில் மட்டமும் பொய் சொல்லும். சமமான கான்கிரீட் தரை வேண்டும். மண் தரை என்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடிமனான பலகை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக். காரோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள், ஆக்சில் ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டுக்கு மாற்று அல்ல. சொல்லாமல் நொறுங்கும்.

பத்து நிமிடம் ஓட்டி ஆயிலை இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்த பின், முதல் வேலை ஃபில்லர் பிளக்கைத் தளர்த்துவது. டிரெயின் பிளக்கைத் தொடும் முன் இது நடக்க வேண்டும். எல்லா ஆயிலையும் இறக்கிய பிறகு ஃபில்லர் பிளக் திறக்க மறுத்தால் கார் அதே இடத்தில் நின்றுவிடும். கையேட்டுப் படத்தைப் பார்த்து அதுதான் ஃபில்லர் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் ரிவர்ஸ் லைட் சுவிட்சும், கியர் பிடிமானத்துக்கான குண்டும் ஸ்பிரிங்கும் உள்ள போல்ட்டும் இருக்கலாம். அவற்றைத் திறந்தால் வேலை இரட்டிப்பாகும்.

அடுத்தது ஹப் நட்டு. கார் தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, நட்டின் விளிம்பை ஷாஃப்ட் பள்ளத்தில் அடித்து மடக்கியிருப்பதை நிமிர்த்திவிட்டு நீண்ட கைப்பிடியால் இளக்குங்கள். சாக்கெட் அளவு பெரும்பாலும் 27லிருந்து 32 மி.மீ.க்குள் இருக்கும். அரைச் சுற்று இளகினால் போதும். அதற்குப் பிறகு காரை உருட்டக் கூடாது, ஹப் நட்டின் இறுக்கத்தில்தான் வீல் பேரிங் சேர்ந்து நிற்கிறது. பிறகு தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றி, ஆயிலை ஒரு தட்டில் இறக்குங்கள். எவ்வளவு வந்தது என்று அளந்து வையுங்கள், எவ்வளவு போயிருந்தது என்று அதில் தெரியும். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால், சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சாதாரணம். விரலில் உறுத்தும் உலோகத் துண்டு வந்தால் பிரச்சினை சீலோடு முடியவில்லை.

சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட்டைப் பிடிக்கும் போல்ட்டை எடுத்து, ஆர்மை நீண்ட கம்பியால் கீழே அழுத்தினால், ஹப்பைத் தாங்கும் நக்கிள் விடுபடும். ஏபிஎஸ் வயரும் பிரேக் ஹோஸும் இழுபடாமல் பார்த்து, நக்கிளை வெளியே சாய்த்து ஷாஃப்ட்டின் வெளிமுனையை ஹப்பிலிருந்து தள்ளுங்கள். வராவிட்டால் பழைய நட்டை முனை வரை திருகி, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். மரையில் நேராகச் சுத்தியல் படக்கூடாது.

உள்முனைதான் கவனம் தேவைப்படும் இடம். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்தால் அதன் உள்முனை மூட்டான உள் ஜாயிண்ட் ரப்பர் உறைக்குள்ளேயே பிரிந்துகொள்ளும், ரோலர்கள் கழன்று அது தனி வேலையாகிவிடும். கியர்பாக்ஸ் உடலுக்கும் ஜாயிண்ட் கிண்ணத்துக்கும் இடையில் தட்டையான லிவரை நுழைத்து, எதிரெதிர் இரண்டு இடங்களில் சிறிது சிறிதாக நெம்புங்கள். சர்க்கிளிப் விடுபட்டதும் சட்டென்று வெளியே வரும். அலுமினியக் கூட்டின் சீல் விளிம்பில் லிவர் அழுந்தக் கூடாது. வெளியே எடுக்கும் வரை ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடியுங்கள், தொங்கவிடாதீர்கள். இரண்டு பக்கமும் மாற்றுவதானால் ஒன்றை முடித்து மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றுங்கள். சில பெட்டிகளில் இரண்டையும் சேர்த்து எடுத்தால் இரு ஷாஃப்ட்டுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் பக்கப் பற்சக்கரம் இடம் மாறி, ஷாஃப்ட் திரும்ப நுழையாது.

பழைய சீலை எடுக்கும் முன் அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரால் இரண்டு மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சீல் புல்லர் இல்லையென்றால் தட்டை திருப்புளியால் உதட்டுப் பக்கத்திலிருந்து நெம்பலாம். கூட்டின் உள்சுவரில் கீறல் விழுந்தால் புது சீலின் வெளிப்பக்கமாக ஆயில் வரும்.

இப்போது ஷாஃப்ட்டில் சீல் உதடு உட்காரும் வழவழப்பான பட்டையை, பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டு நகத்தால் குறுக்கே வருடுங்கள். இந்த வேலை முழுவதிலும் இதைவிட முக்கியமான நொடி இல்லை. பளபளப்பான கோடு மட்டும் தெரிந்து நகம் தடுக்காவிட்டால் பரவாயில்லை. நகம் பள்ளத்தில் தடுக்கினால் அதே இடத்தில் புது உதடு உட்கார்ந்தும் பயனில்லை. புது சீலை 1 மி.மீ. முன்னாலோ பின்னாலோ உட்கார வைக்கக் கூட்டில் இடம் இருந்தால், உதடு தேயாத பகுதியில் ஓடும். இடமில்லையென்றால் மெல்லிய உலோக ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது உள் ஜாயிண்ட் கிண்ணத்தை மாற்ற வேண்டியதுதான். துருவை எடுக்க 600க்கு மேற்பட்ட நுண் எமரியைச் சுற்றுவாக்கில் மட்டும் தேயுங்கள். நீளவாக்கிலோ சாய்வாகவோ தேய்த்தால் விழும் நுண்கோடுகளே ஆயிலை வெளியே கொண்டுவரும் பாதையாகிவிடும்.

புது சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி, அதாவது உள்ளே. வெளிவிட்டத்தில் ரப்பர் பூச்சு இருந்தால் சீலன்ட் எதுவும் வேண்டாம், சில துளி கியர் ஆயில் போதும். பிரதான உதட்டுக்கும் தூசி உதட்டுக்கும் இடையில் கிரீஸ் வையுங்கள். உலர்ந்த உதடு ஆயில் வந்து சேர்வதற்குள் சூடாகிக் கருகிவிடும், முதல் சில கிலோமீட்டரிலேயே சீலின் ஆயுள் போய்விடும். சீலின் வெளிவிட்டத்தைவிட 1 அல்லது 2 மி.மீ. குறைந்த, முனை நேராக வெட்டிய பிவிசி குழாய்த் துண்டை வைத்து, மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் நிறுத்தி நேராக்குங்கள். குறித்து வைத்த ஆழம் வந்ததும் நிறுத்துங்கள். ஆழத்தை மீறி அடித்தால் சில பெட்டிகளில் சீல் பேரிங்கைத் தொடும்.

ஷாஃப்ட்டை மாட்டும்போது ஸ்ப்ளைன் பற்கள் புது உதட்டில் உரசாதபடி கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்து நுழைத்துவிடுங்கள். இரண்டு பேர் இருந்தால் நல்லது. புது சர்க்கிளிப் போட்டு, பற்கள் சேர்ந்ததும் ஒரு உறுதியான தள்ளு. "டக்" என்று பிடிக்கும். ஜாயிண்ட் கிண்ணத்தைப் பிடித்து (ஷாஃப்ட்டை அல்ல) இழுத்துப் பாருங்கள், வெளியே வரக்கூடாது. பால் ஜாயிண்ட் போல்ட்டும் ஹப் நட்டும் கையேட்டில் சொன்ன டார்க்கில். ஹப் நட்டு பெரும்பாலான சிறு கார்களில் 150 முதல் 250 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் காருக்கான எண்ணையே பின்பற்றுங்கள். பிரேக்கை மிதித்தபடி, சக்கரத்தில் வண்டியின் பாரம் இறங்கும் முன் இறுக்கி, விளிம்பை ஷாஃப்ட் பள்ளத்தில் மடக்குங்கள். டிரெயின் பிளக்கை மட்டும் கைபலம் காட்டி இறுக்க வேண்டாம். அலுமினியக் கூட்டில் மரை போனால் பிறகு ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போடுவதுதான் வழி.

ஆயில் ஊற்றும்போது கார் நான்கு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ஸ்டாண்டில் இருந்தால் மட்டம் தப்பும். காரைத் தரையில் இறக்கிவிட்டு, கொத்தனார் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் டியூப் ஒரு மீட்டர் வாங்கி, பானெட் பக்கமிருந்து புனலோடு ஃபில்லர் வாய்க்கு இறக்கினால் போதும். வாயிலிருந்து வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது நிற்கும் வரை காத்திருந்து பிளக்கை மூடுங்கள். ஊற்றிய அளவு கையேட்டு அளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதைவிட மிகக் குறைவாக ஊற்றியதுமே வழிந்தால், திறந்தது ஃபில்லர்தானா என்று மறுபடி சோதிக்க வேண்டும்.

இறக்கிய பழைய ஆயிலை சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். இந்தியாவில் பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவுகளுக்கான 2016 விதிகளின் கீழ் வருகிறது. புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, பழைய ஆயில் சேர்த்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் தந்துவிடலாம்.

முதல் நாள் சீல் ஓரத்தில் லேசான ஈரம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மாட்டும்போது வைத்த கிரீஸும் வழிந்த ஆயிலும்தான். துடைத்துவிட்டு 50 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை, 500 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பிரீதர் திறந்திருந்து, ஷாஃப்ட்டில் பள்ளம் இல்லாமல், சீல் நேராக உட்கார்ந்தும் அதே பக்கம் மறுபடி ஈரமானால், காரைத் தூக்கி உள் ஜாயிண்ட் கிண்ணத்தை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மறுபக்கத்து ஜாயிண்ட்டைவிடத் தெளிவாக அதிக ஆட்டம் தெரிந்தால் டிஃபரென்ஷியல் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட் தள்ளாடும் வரை எந்த சீலும் நிற்காது, அதற்குப் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.